கையின் சுவடு யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் நமது காரியாலயத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை வாசகர்களுக்குச் சொல்லி, அதிலிருந்து பெரியதொரு விஷயத்தை எடுத்துப் பேச விரும்புகிறோம். நமது சகோதரியின் குமாரன், ஹெட்செட் என்று வழங்கும் தலைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். அதை அணிந்தவர் தாம் இருக்கும் அறையை மறந்து வேறோர் உலகத்தைக் காணலாம்; அல்லது இருக்கும் அறையிலேயே இல்லாத பொருள்களைக் காணலாம். முன்னதை மெய்நிகர் உலகம் என்றும், பின்னதை மிகை மெய்ம்மை என்றும் இக்காலத்துத் தமிழில் சொல்கிறார்கள். இவ்விரண்டையும் பற்றி நாம் முன்னரே கேள்விப்பட்டதுண்டு. நமக்குப் புதுமையாகத் தோன்றியது வேறு. அந்தக் கருவியை நடத்துவதற்குக் கைப்பிடி இல்லை, பொத்தான் இல்லை, கையுறையும் இல்லை. "மாமா, வெறுங்கையைக் கண்ணாடிக்கு முன்னே நீட்டுங்கள்" என்றான் பையன். நீட்டினோம். நமது கைகளே அந்த மாய உலகத்தினுள் வந்து நின்றன. விரலை மடக்கினால் அவையும் மடக்கின. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளினால், எட்டத்தில் இருந்த ஒரு ஜன்னல் திறந்தது.

நமது அச்சுக்கூடத்தில் நீண்டகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற போர்மன் ஒருவர் அச்சமயம் உடனிருந்தார். ஈய எழுத்துக்களைக் கேஸிலிருந்து பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கிய காலத்து மனிதர் அவர். பையன் கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டு, உள்ளே நடப்பதைச் சுவரிலிருந்த திரையிலும் நமக்குக் காட்டினான். பெரியவருடைய கைகள் அதில் வெறும் புள்ளிகளும் கோடுகளுமாகத் தெரிந்தன. காற்றில் மிதந்த சிறு கட்டைகளை அவர் எடுத்து அடுக்கத் தொடங்கினார். வலது கை கோழி தானியம் பொறுக்குவது போலக் கொத்திக் கொத்தி எடுத்தது. இடது கைக் கட்டைவிரல், அடுக்கியதைச் சரிந்துவிடாமல் அணைத்துப் பிடித்தது. முகம் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை, கோடுகள் மட்டுமே நகர்ந்தன. ஆயினும் அவரோடு வேலை செய்த எவரும் அது இன்னாருடைய கை என்று அந்த க்ஷணமே சொல்லியிருப்பார்கள். கண்ணாடியைக் கழற்றிய பின் பெரியவர் கேட்டார்: "தம்பி, என் கை இதற்குள்ளேயே தங்கிவிடுமா?" பையன் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்த வித்தை எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். தலைக்கண்ணாடியின் வெளிப்புறத்தில் சிறு காமிராக்கள் பல பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை அணிந்தவரின் எதிரே உள்ளதை ஒரு வினாடிக்குப் பல பத்துத் தடவை படம் பிடிக்கின்றன. கருவிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்திலும் உள்ளங்கை எங்கே இருக்கிறதென்று முதலில் தேடுகிறது. உள்ளங்கையை முதலில் தேடுவதற்குக் காரணம் உண்டு. விரல்கள் மடங்கும், விரியும், ஒன்றையொன்று மறைக்கும். உள்ளங்கையோ அவ்வளவாக உருமாறுவதில்லை. அது அகப்பட்ட பிறகு, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை உள்ள மூட்டுக்களைக் குறிக்கிறது. கூகிள் கம்பெனியார் 2019-ல் எல்லோரும் எடுத்து உபயோகிக்கும்படி வெளியிட்ட முறையில், மணிக்கட்டுக்கு ஒன்றும் விரலுக்கு நான்குமாகக் கைக்கு 21 புள்ளிகள். பல கம்பெனிகளின் தலைக்கண்ணாடிகளுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டுள்ள ஓபன்எக்ஸ்ஆர் என்னும் விதியின்படி கைக்கு 26 புள்ளிகள். மனிதக் கையில் எலும்புகள் 27 என்பதை நினைத்துக்கொண்டால், யந்திரம் எவ்வளவு தூரம் நெருங்கி வந்துவிட்டதென்பது விளங்கும்.

இப்புள்ளிகளைக் குறிக்க யந்திரத்துக்கு எவரும் சூத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான கைப் படங்களில் மனிதர்கள் உட்கார்ந்து மூட்டு மூட்டாகப் புள்ளி வைத்துக் காட்டினார்கள். கம்ப்யூட்டரால் வரைந்த பொய்க் கைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து யந்திரம் பழகிக்கொண்டது. பழகியதன் பலனாக, ஒரு விரல் இன்னொன்றின் பின்னே மறைந்தாலும் அது எங்கே இருக்கக்கூடுமென்று ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தவறுவதும் உண்டு. நாம் இரு கைகளையும் கோத்தபோது அந்த மாயக் கைகள் நடுங்கின; சில சமயம் மறைந்தே போயின. வெளிச்சம் குறைந்தாலும் இதே கதிதான். குறைகள் இருக்கின்றன, ஆனால் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகின்றன.

இந்த நிலைக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஐவான் ஸதர்லாண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1968-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் முதல் தலைக்கண்ணாடிகளுள் ஒன்றை அமைத்தார். உத்தரத்திலிருந்து தொங்கிய ஒரு கனத்த கருவியின் கீழ்த் தலையை வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணுக்கு இவ்வாறு வழி பிறந்தது. கைக்கு வழி பிறக்கவில்லை. 1977-ல் சிக்காகோவிலுள்ள இல்லினாய் சர்வகலாசாலையில் டேனியல் ஸாண்டின், தாமஸ் டீபாண்டி என்ற இருவர், ரிச்சர்டு ஸேயர் என்பவரின் யோசனையைப் பின்பற்றி ஒரு கையுறை செய்தனர். ஒவ்வொரு விரலின் மேலும் வளையக்கூடிய ஒரு குழாய். அதன் ஒரு முனையில் விளக்கு, மறு முனையில் ஒளியை அளக்கும் கருவி. விரல் மடங்கினால் ஒளி குறையும். அதைக்கொண்டு விரல் எவ்வளவு மடங்கிற்று என்று கணக்கிட்டார்கள்.

பின்னர், காற்றில் கிதார் வாசிக்க ஆசைப்பட்ட தாமஸ் ஸிம்மர்மன் என்பவர் வேறொரு கையுறை செய்தார். அவரும் ஜாரன் லானியரும் சேர்ந்து நடத்திய வி.பி.எல். என்னும் கம்பெனி, 1980-களின் பிற்பகுதியில் அதை விருத்தி செய்து பல ஆயிரம் டாலர் விலைக்கு விற்றது. 1989-ல் மாட்டெல் என்னும் பொம்மைக் கம்பெனி, குழந்தைகளின் விளையாட்டுக்கென மலிவான கையுறையொன்றைக் கடைக்குக் கொண்டு வந்தது. அது சரியாக வேலை செய்யாமையால் விரைவில் மறைந்தது. இவர்களெல்லாம் கையுறைகளோடு போராடிய அதே காலத்தில், மைரன் க்ரூகர் என்ற அமெரிக்கர் தனி வழியில் சென்றார். 1970-களிலேயே அவர், மனிதன் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை, காமிரா அவனைப் பார்த்தால் போதும் என்று கூறி, ஆளின் நிழலுருவைக்கொண்டே கம்ப்யூட்டரோடு விளையாடும் அறையை அமைத்துக் காட்டினார். கடைசியில் வெற்றி பெற்றது அவருடைய வழியே.

2013-ல் லீப் மோஷன் என்னும் கம்பெனி, தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டியை 80 டாலருக்கு விற்றது. அதனுள் இரு காமிராக்களும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி வீசும் மூன்று சிறு விளக்குகளும் இருந்தன. மேஜைமேல் வைப்பதற்கென்று செய்யப்பட்ட அப்பெட்டியைப் பிறகு தலைக்கண்ணாடியின் முகப்பில் ஒட்டிப் பார்த்தார்கள். அங்கேதான் அதற்குரிய இடம் கிடைத்தது. 2019-ல் அக்கம்பெனியை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் கம்பெனி ஒன்று வாங்கிற்று. அதே வருஷத்தில் மைக்ரோஸாப்ட் கம்பெனி, கைக்கு 25 மூட்டுக்களை அறியும் இரண்டாவது ஹோலோலென்ஸ் கண்ணாடியை வெளியிட்டது. 2024-ல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2019 டிஸம்பரில் பேஸ்புக் கம்பெனி தன் குவெஸ்ட் கண்ணாடிக்கு ஒரு ஸாப்ட்வேரை அனுப்பியது. ஏற்கெனவே ஜனங்கள் வாங்கி வைத்திருந்த கருவி, புதிய உறுப்பு எதுவும் சேராமலே, ஓரிரவில் வெறுங்கையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் கம்பெனியின் கண்ணாடிக்குக் கைப்பிடியே கிடையாது. கண்ணால் பார்ப்பது, விரலால் கிள்ளுவது, இவ்வளவே அதை நடத்தும் முறை.

இதனால் விளையும் நன்மைகளை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். சஸ்திர சிகிச்சை பயிலும் மாணவன், நோயாளியின் உடலைத் தொடுமுன் நூறு தடவை கையைப் பழக்கிக்கொள்ளலாம். பக்கவாதத்தால் கை தளர்ந்தவர், விரல்களை மடக்கி விரிக்கும் அலுப்பான பயிற்சியை ஒரு விளையாட்டாகச் செய்யலாம். சைகை மொழியால் பேசுவோர், மெய்நிகர் உலகத்திலும் விரல்களாலேயே அளவளாவலாம். எழுத்துப் பலகையும் பொத்தானும் பழகாத முதியவர்களுக்கு, எடுப்பது, வைப்பது, தள்ளுவது என்ற பிறவிப் பழக்கங்களே போதும். நமது போர்மனே அதற்குச் சாக்ஷி. நெடுநேரம் கையைத் தூக்கி வைத்திருந்தால் தோள் வலிக்கும் என்பதும், தொட்ட பொருளின் கனமும் கடினமும் கைக்குத் தெரிவதில்லை என்பதும் குறைகளே. முதற்குறைக்காக, மடியில் வைத்த கையையும் காணும்படி காமிராக்களைக் கீழ்நோக்கியும் வைக்கிறார்கள். இரண்டாவதற்காகக் காதுக்குக் கேளாத ஒலியலைகளைக் கையின்மீது குவித்துத் தொடுவுணர்ச்சி உண்டாக்க முயல்கிறார்கள். இவற்றை விஞ்ஞானிகள் தீர்த்துக்கொள்வார்கள். அவர்கள் தனியே தீர்க்க முடியாததும், பொதுஜனங்களாகிய நாம் தீர்க்க வேண்டியதுமான ஒரு பிரச்னை இருக்கிறது. பெரியவர் கேட்டது அதைத்தான்.

பேஸ்புக் கம்பெனியார் 2019-ல் இந்த வித்தையை வெளியிட்டபோது, கையைப் பிடித்த படங்கள் கருவிக்குள்ளேயே பரிசீலிக்கப்பட்டு உடனே அழிக்கப்படும், தங்கள் ஸர்வருக்கு அனுப்பப்படா என்று வாக்களித்தார்கள். அந்த வாக்கை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது படம் அன்று. படத்திலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட புள்ளிகளின் ஓட்டமே சாரம். இருவர் இரு ஊர்களிலிருந்து ஒரே மெய்நிகர் அறையில் சந்திக்கிறார்கள் என்றால், ஒருவர் கையசைவு மற்றவருக்குத் தெரியவேண்டும். தெரியவேண்டுமாயின் புள்ளிகள் ஸர்வர் வழியே சென்றாகவேண்டும். முகமில்லை, குரலில்லை, வெறும் புள்ளிகள்தானே, அவற்றால் என்ன தீங்கு என்று கேட்கலாம். நமது காரியாலயத்துச் சுவரில் நாம் கண்டதும் வெறும் புள்ளிகளே என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

நாம் கண்ணால் கண்டதை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டே காட்டியிருக்கிறார்கள். 2020-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 511 பேரைத் தலைக்கண்ணாடி அணிந்து காட்சிகளைப் பார்க்கச் செய்தனர். ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான அசைவுக் குறிப்பைக்கொண்டே, நூற்றுக்கு 95 தடவை இன்னார் என்று யந்திரம் சொல்லிற்று. 2023-ல் கலிபோர்னியாவில் பெர்க்கிலி சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இன்னும் பெரிய பரீக்ஷை ஒன்றை நடத்தினார்கள். மெய்நிகர் உலகத்தில் ஆடப்படும் ஒரு பிரபல விளையாட்டில், 50,000-க்கு மேற்பட்டோரின் தலையசைவும் கையசைவும் பதிவாகியிருந்தன. அவர்களுள் ஒருவரின் நூறு வினாடி அசைவை மட்டும் கொடுத்தபோது, இத்தனை பேர் நடுவே அவர் யாரென்பதை யந்திரம் நூற்றுக்கு 94 தடவை சரியாகக் கூறியது. பத்து வினாடி கொடுத்தபோதும் நூற்றுக்கு 73 தடவை சரியாகவே கூறியது. அவர்கள் ஆடியது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அதாவது கையொன்றுக்கு ஒரே ஓர் இடத்தின் அசைவுதான் யந்திரத்துக்குக் கிடைத்தது. இருபத்தாறு மூட்டுக்களின் அசைவு கிடைத்தால் அடையாளம் இன்னும் எளிதாகும் என்று எண்ண நியாயமுண்டு.

ஆகவே கையசைவு என்பது ஒரு கையெழுத்து. கையெழுத்தையாவது நாம் இஷ்டப்பட்டால் இடலாம், இல்லாவிட்டால் மறுக்கலாம். இதுவோ நாம் ஒரு பொருளை எடுத்து வைக்கும்போதெல்லாம் தானே விழுந்துகொண்டிருக்கிறது. கடவுச்சொல் திருட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். கை வீசும் விதத்தை எவரால் மாற்றிக்கொள்ள இயலும்? இப்போது காமிராவும் வேண்டாம் என்ற கட்டமும் வந்திருக்கிறது. மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே கம்பெனி, 2025 செப்டம்பரில், கண்ணாடியோடு மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டையையும் வெளியிட்டது. விரலை அசைக்கத் தசைகளில் எழும் மின் துடிப்பை அப்பட்டை தோலின் மேலிருந்தே உணர்கிறது. இனி கையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டாலும் அதன் பேச்சு யந்திரத்துக்குக் கேட்கும்.

கையைப் பதிவு செய்வது நம் தேசத்துக்குப் பழைய கதை. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடமிருந்து, சாலை போடுவதற்கான சாமான் சப்ளை ஒப்பந்தத்தின் பின்புறத்தில் முழு உள்ளங்கையின் பதிவை வாங்கினார். பின்னால் இது என் கையெழுத்தன்று என்று மறுத்துவிடாமல் அவரை அச்சுறுத்துவதே தம் நோக்கமென்று ஹெர்ஷல் துரையே பிற்காலத்தில் எழுதினார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு நிலையம் ஏற்பட்டது. பதிவுகளை வகை பிரிக்கும் கணிதத்துக்காக உழைத்தவர்கள் அஜீஜுல் ஹக், ஹேம்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். அம்முறை உலகெங்கும் வழங்கியதோ மேலதிகாரியான ஹென்றி துரையின் பெயரால்.

அந்த ரேகை எங்கே வந்து முடிந்தது என்பதைத் தமிழ்நாடு நன்கு அறியும். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமையை நம் ஜனங்கள் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு குற்றமும் செய்யாதவனும், பிறந்த குலத்தின் காரணமாகவே, ஸர்க்கார் புஸ்தகத்தில் விரலை ஒற்ற வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, மதுரை ஜில்லாவில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்கமாட்டோம் என்று மறுத்து நின்ற ஜனங்களைப் போலீஸார் சுட்டனர். ஒரு பெண்மணி உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எழுத்தறியாத அக்குடியானவர்கள் ஓர் உண்மையைத் தெளிவாக அறிந்திருந்தார்கள்: கையின் சுவடு பிறர் வசம் போனால், கைக்குடையவனும் பிறர் வசம் போவான். விளையாட்டுக் கண்ணாடிக்கும் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் என்ன சம்பந்தமென்று கேட்போர் இருக்கலாம். அன்று பலாத்காரத்தால் கேட்டதை இன்று கேளிக்கையால் பெறுகிறார்கள் என்ற வித்தியாசம் பெரிதுதான். நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் பெறப்படும் பொருள் ஒன்றே. ஹெர்ஷல் துரை வாங்கியதும் ஆதியில் ஓர் ஒப்பந்தத்துக்கான அத்தாட்சி மாத்திரமே அல்லவா? ஒரு காரியத்துக்கென்று சேர்த்த பதிவு வேறொரு காரியத்துக்கு உபயோகப்படுவதற்கு நீண்ட காலம் வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். முதற் கையுறை பிறந்த அதே இல்லினாய் மாகாணத்தில் 2008-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விரல் ரேகை, கண்மணி, குரல் இவற்றோடு கையின் வடிவத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்து, எழுத்து மூலமான சம்மதமின்றி இவற்றை எந்தக் கம்பெனியும் சேகரிக்கலாகாது என்று அது விதித்தது. மீறினால் பாதிக்கப்பட்ட தனி மனிதனே வழக்குத் தொடரலாம் என்றும் சொல்லிற்று. இச்சட்டத்தின்கீழ், முகப் பதிவு சம்பந்தமான வழக்கொன்றில், பேஸ்புக் கம்பெனி 65 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள நேர்ந்தது; 2021-ல் கோர்ட்டு அந்த ராஜியை அங்கீகரித்தது. பல்லுள்ள சட்டம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். ஆயினும் அச்சட்டம் கையின் வடிவத்தைச் சொல்கிறது. கையின் அசைவைச் சொல்லவில்லை. விஞ்ஞானம் வடிவத்தைக் கடந்து அசைவுக்குப் போய்விட்டது.

நம் தேசத்தில் 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. சம்மதம் சுயேச்சையாகவும், தெளிவாகவும், குறிப்பிட்ட காரியத்துக்காகவும் தரப்பட்டதாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்வதை வரவேற்கிறோம். தவறுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டென்பதும் நல்லதே. ஆனால் 2019-ஆம் வருஷத்து மசோதாவில் இருந்த ஓர் ஏற்பாடு இச்சட்டத்தில் இல்லை. உடல் அடையாளம் போன்ற நுண்ணிய விவரங்களைத் தனி இனமாகப் பிரித்து, அவற்றுக்கு அதிகக் காவல் வைத்தது அந்த மசோதா. இப்போதோ கடைக்குக் கொடுத்த டெலிபோன் நம்பருக்கும், கையின் அசைவுக்கும், சட்டத்தின் கண்ணில் ஒரே காவல்தான். இது பெருங்குறை என்பது நமது அபிப்பிராயம்.

தலைக்கண்ணாடி விலையுயர்ந்தது, பணக்காரர் விளையாட்டு, ஏழைக்கு இதனால் வரும் நஷ்டம் என்ன என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் 2025-ல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வெளியான ஒரு செய்தியைக் கவனிப்பார்களாக. தென்னிந்தியத் தொழில் நகரம் ஒன்றில், வாலிபர் ஒருவர் நெற்றியில் காமிராவைக் கட்டிக்கொண்டு மேஜைமுன் நின்று துண்டு மடிக்கிறார். கூடையிலிருந்து வலக்கையால் எடுத்து, இரு கைகளாலும் உதறி, மும்முறை மடித்து, மேஜையின் ஓரத்தில் வைக்கவேண்டும். ஒரு நிமிஷத்துக்கு மேலானால், அல்லது முறை தவறினால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மடித்த துண்டு யாருக்கும் வேண்டியதில்லை. மடித்த கையின் அசைவே சரக்கு. அது கடல் கடந்து போய், மனித வடிவ யந்திரங்களுக்குப் பாடமாகிறது. தலைக்கண்ணாடி கையைப் பின்தொடரும் வித்தையும் இதுவும் ஒரே மரத்துக் கிளைகள். தறியிலும், உலைக்களத்திலும், தையல் மேஜையிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கைத்திறன் ஏழையின் ஒரே ஆஸ்தி. நாள் கூலி வாங்கிக்கொண்டு அந்த ஆஸ்தியின் நகலை நிரந்தரமாகக் கொடுத்துவிடுகிறோம் என்பது கொடுப்பவனுக்குத் தெரிந்திருக்கிறதா? தெரிந்து கொடுத்தால் அது வியாபாரம். தெரியாமல் கொடுத்தால் அதற்கு வேறு பெயர்.

விஞ்ஞானத்தைத் தடுத்து நிறுத்துங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அச்சு யந்திரத்தால் பிழைக்கும் நாம் அவ்வாறு சொல்வது அழகுமன்று. நாம் கேட்பவை நான்கே. முதலாவது, கையசைவு கருவிக்குள்ளேயே அறியப்பட்டு, கிள்ளினார், தள்ளினார் என்ற முடிவு மட்டும் செயலிக்குப் போகவேண்டும். மூட்டுப் புள்ளிகள் தேவையான செயலிகள் தனியாக அனுமதி கேட்கவேண்டும். இது நடவாத காரியமன்று. ஆப்பிள் கம்பெனி தன் கண்ணாடியில் பெரும்பாலும் இம்முறையையே கையாள்கிறது. ஒருவர் செய்யக்கூடியதை மற்றவர்களும் செய்யலாம். இரண்டாவது, அசைவைச் சேமித்து வைப்பதற்கான சம்மதத்தை, கருவியை வாங்கும்போது கையொப்பமிடும் நீண்ட ஷரத்துக்களுக்குள் புதைக்காமல், அவரவர் பாஷையில் தனியே கேட்கவேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் பதிவும் அழியவேண்டும். மூன்றாவது, கையசைவை விரல் ரேகைக்குச் சமமாக வைத்து நமது சட்டம் திருத்தப்படவேண்டும். நான்காவது, தொழிலாளியின் கைத்திறனைப் பதிவு செய்யும் முதலாளி, அது எதற்குப் பாடமாகப் போகிறதென்று எழுத்தில் சொல்லவும், கூலிக்கு மேல் அதற்கென்று தனி ஊதியம் தரவும் கடமைப்பட்டிருக்க வேண்டும்.

இந்நான்கும் தாமாக வந்து சேரா. கம்பெனிகள் லாபத்தைப் பார்க்கும். ஸர்க்கார்கள் பதிவேடுகளை விரும்பும். இரண்டும் அவற்றின் சுபாவம். ஜனங்கள் கேட்டால்தான் கிடைக்கும். வழக்கறிஞர்கள் இவ்விஷயத்தைக் கற்கவேண்டும். தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஓட்டுக் கேட்டு வருவோரிடம் நமது வாசகர்கள் இதைப்பற்றி ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும். கருவிகள் இன்னும் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேராத இந்தச் சமயமே சட்டம் செய்வதற்குத் தக்க சமயம். வந்து நிலைத்த பின் செய்யும் சட்டம், வெள்ளம் போன பின் போடும் அணையாகும்.

நமது போர்மன் அன்று கேட்ட கேள்விக்குப் பையன் பதில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவும் தெரியாது. கருவியை விற்றவர்கள் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டுமென்று நமது சட்டமும் அவர்களை இன்னும் தெளிவாகக் கட்டாயப்படுத்தவில்லை. ஓர் எளிய மனிதன், தன் கையைக் காட்டி, இது எங்கே போகிறது என்று கேட்டால், கண்ணியமான பதில் கிடைக்கும் நிலையை உண்டாக்குவது நம் கடமை. கை அவனுடையது, கையின் சுவடும் அவனுடையதே.